‘ரிப்ளை 1988’: இரண்டாம் முறை பார்த்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். முடிவை அறிய விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளவும்.

இக்கொரியத் தொடரின் 20 அத்தியாயங்களையும் நேற்றிரவுதான் பார்த்து முடித்தேன். நாயகி தொக்-சன்னை விரும்பும் நண்பர்களான ஜங்-ஹ்வான், தேக் இருவரில் அவள் கணவர் யார் என்ற புதிரை இழுத்துக்கொண்டே போகும் கதையில், சிவப்பு விளக்குகளில் வண்டி நின்று நின்று தாமதமாக அரங்கத்துக்கு வந்துசேரும் ஜங்-ஹ்வான், போட்டியையே விட்டுவிட்டு ஓடிவந்த தேக் தனக்கு முன்பே அவளெதிரில் நிற்பதைக் காணும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்ததுதான், இன்னும் சரியாகவில்லை. தேக்கின் மீது கோபமில்லை (பாதுக் எனும் பலகை விளையாட்டைத் தவிர வேறு உலகம் அறியாத பிள்ளை அவன்). ஆனால் தொக்-சன்னின் மனம் எப்போது அவன் பக்கம் திரும்பியது என்பதுதான் பிடிபடவில்லை.

அதற்கான குறிப்புகள் முற்பகுதியில் எங்கெங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதை அத்தியாய எண்ணுடன் தெரிவித்தால், அக்காட்சிகளை மட்டும் மீண்டும் பார்த்துக்கொள்வேன்.