சிறுவயதில் தப்பியவர்களின் சாட்சியத்தை வகுப்பில் எப்படிக் கையாள்வது?

கேள்வி: வரலாற்று ஆசிரியை, யாழ்ப்பாணம்

தரம் 11 மாணவர்களுக்கு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகள் நடத்திய யூத இனவழிப்பைக் கற்பிக்கிறேன். கொல்லப்பட்ட ஏறத்தாழ 60 இலட்சம் யூதரில் சுமார் 15 இலட்சம் பேர் சிறுவர்கள் என்று சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆனால், சிறுவராயிருந்து தப்பியவர்கள் முதுமையில் அளித்த சாட்சியங்களைப் பற்றிப் பேசியபோது, “ஆறு வயதில் கண்டதை வரலாறு என்று எப்படி நம்புவது, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நேர்மையான பதிலொன்று சொல்ல வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற நூலகர்

உங்கள் மாணவி எழுப்பிய கேள்வியையே, சிறுவராயிருந்து தப்பியவர்களும் வாழ்நாளெல்லாம் பிறர் வாயால் கேட்க நேர்ந்தது. “நீ சின்னப்பிள்ளை, உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது” என்று பெரியவர்களே அவர்களின் வாயை அடைத்தார்கள். பெயரை மாற்றி, கிறிஸ்தவச் செபங்களைப் பாடமாக்கி, மடங்களிலும் அயலார் வீடுகளிலும் ஒளிந்து வளர்ந்தவர்கள் 1991இல் நியூயோர்க்கில் முதன்முறையாக ஒன்றுகூடும்வரை, அவர்களுள் பலர் தங்களைத் தப்பியவர்களாகவே எண்ணியிருக்கவில்லை. முகாமுக்கான இரயில் எந்த நாளில் புறப்பட்டது என்பதை ஆவணத்திலிருந்து அறியலாம். தாயின் கை எந்த இடத்தில் விடுபட்டது என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். போலந்தின் யூத வரலாற்று ஆணையம் 1944 முதல் திரட்டிய ஏறத்தாழ 7,000 வாக்குமூலங்களுள் சிறுவர்களுடையவையும் உள்ளன. அவை சம்பவங்களின் சூடு ஆறுமுன் எழுதப்பட்டவை. முதுமையில் சொன்னவற்றை அவற்றோடு சேர்த்து வாசிக்கச் செய்யுங்கள்.

பதில் 2: நாவற்குழி

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாண மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது நாங்களும் புறப்பட்டோம். மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எனக்கு ஏழு வயது. மூன்று நாள் நடந்தோம் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். அது ஒரே இரவு என்று அண்ணா சொன்னார். ஆனால், அம்மா குடையைக் கவிழ்த்துப் பிடித்து அதில் சேர்ந்த மழைநீரைத் தங்கைக்குப் பருக்கியதை அண்ணா மறந்துவிட்டார். கணக்கில் நான் பிழைதான், குடையில் பிழையில்லை. இரு துயரங்களையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுடைய கதையை அவர்களுடையதாகவே பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.

பதில் 3: சித்திர ஆசிரியர்

தப்பியவர்களிடம் மட்டும் கேட்டால் கொல்லப்பட்ட பெரும்பான்மையினரின் குரல் விடுபட்டுப் போகும். இன்றைய செக் நாட்டில் நாசிகள் யூதரை அடைத்துவைத்த தெரேசின் முகாமில், அங்கு அடைக்கப்பட்டிருந்த ஓவியர் பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் சிறுவர்களுக்கு இரகசியமாகச் சித்திரம் கற்பித்தார். ஒவ்வொரு படத்திலும் அவரவர் பெயரை எழுதச் செய்தார். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அவர் கொல்லப்பட்டார். மறைத்துவைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் பிழைத்தன. வரைந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஒரு படத்தைக் காட்டி, மூலையிலுள்ள பெயரை உரக்க வாசித்து அடுத்த பாடத்தைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். நாவற்குழி அன்பரே, குடையைப் பற்றி அந்த மாணவியிடம் சொல்ல உங்கள் அனுமதி கிடைக்குமா?