தோட்ட வேலையோடு அவுட்டோர் கிச்சனும் எடுத்துச் செய்பவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொள்ளாச்சிக்காரன்:

புல்தரை, நடைபாதைக் கல், சொட்டுநீர், இதுதான் எங்கள் தொழில். பண்ணை வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் தோட்டத்திலேயே சமைக்க அவுட்டோர் கிச்சனும் சேர்த்தே கேட்கிறார்கள். மேஸ்திரி கையில் இருக்கிறார், கல் பதிக்க ஆள் இருக்கிறது, வேறு யாரோ வந்து நாம் போட்ட தரையைத் தோண்டுவதற்கு நாமே செய்துவிடலாமே என்று எடுக்க ஆரம்பித்தேன். வரும்படியில் குறை இல்லை. ஆனால் ஆனைமலைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் புதுமனை புகுவிழா. அந்த நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை தெரிய வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் மேடையை மேற்குப் பார்த்து, தடுப்பே இல்லாமல் வைத்திருந்தார், அப்படியே கட்டிக் கொடுத்தோம். பால் வீட்டுக்குள் காய்ச்சியாகிவிட்டது, அப்பளம் மட்டும் வெளியே பொரிக்கலாம் என்று ஓனர் ஆசையாக வாணலியை ஏற்றினார். தீ நேராக நிற்கவே இல்லை, ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது, எவ்வளவு நேரமானாலும் எண்ணெய் காயவில்லை. அப்புறம் ஒரு வீச்சில் அணைந்தே போனது. யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் மலையைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓனருடைய அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காஸை மூடினார். என்னைப் பார்த்து, "ஏனுங் தம்பி, இந்த மூலைல காத்து எப்புடி அடிக்கும்னு என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே" என்றார். குரலில் கோபமே இல்லை.

மகன் பெங்களூரில், ஆர்க்கிடெக்ட் சென்னையில். அந்த வீட்டில் வருஷம் முழுக்க இருந்து சமைக்கப் போகிறவர் அவர் ஒருவர்தான். வேலை நடந்த காலமெல்லாம் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார், அவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்னால் மேற்குப் பக்கம் தடுப்புச் சுவர் வைத்து, தீ அணைந்தால் தானாகவே காஸை நிறுத்துகிற அடுப்பாக மாற்றிக் கொடுத்தோம். மலை பாதிதான் தெரிகிறது என்று ஓனருக்கு இன்னும் வருத்தம். உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது உண்டா?


செட்டிநாட்டு மேஸ்திரி:

நண்பரே, தப்பாக நினைக்க வேண்டாம். காஸ் அடுப்பை வெட்டவெளிக்குக் கொண்டுபோனதுதான் வினை. நம் வீடுகளில் பின்கட்டில் விறகடுப்புதான் இருந்தது, பக்கத்தில் கொடியடுப்பு, விசேஷம் என்றால் கோட்டை அடுப்பு. அதை எந்தக் காற்று என்ன செய்தது?

என் கதை சின்னது. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆத்தங்குடிக் கல் பதித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேறு ஒரு குழு கறுப்பு கிரானைட்டில் அவுட்டோர் கிச்சன் முடித்துவிட்டுப் போயிருந்தது. பங்காளிகள் எல்லாம் வந்திருந்தார்கள், பிரியாணி போடலாம் என்று அந்த கிரானைட் மேலேயே நாலு செங்கல்லை அடுக்கி விறகைக் கொளுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டமால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கல் குறுக்கே பிளந்திருக்கிறது, உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று தெறித்து, ஊறவைத்த அரிசிப் பாத்திரத்துக்குள் கிடக்கிறது. அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. அழவில்லை. அரிசிக்குள் கையை விட்டு அந்தச் சில்லை எடுத்து என்னிடம் நீட்டியது. அது இன்னும் சூடாக இருந்தது.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கிரானைட் காய்கறி நறுக்கத்தான், மேலே தீ மூட்ட அது தாங்காது. கல்லுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் சூட்டில் பெருக்கும், தீ பட்ட இடம் பெருக்க, சுற்றியுள்ள இடம் குளிர்ந்தே இருக்க, நடுவில் விரிசல் விட்டுப் போகும், அந்த நேரம் பார்த்து நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். ஆற்றுக் கூழாங்கல்லை அழகுக்கு அடுப்பைச் சுற்றிப் பதிக்கிறார்கள், அதுவும் ஆபத்து, உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி வெடிக்கும். தீ படுகிற இடம் முழுக்கத் தீச்செங்கல்தான் வைக்க வேண்டும், அதையும் சாதாரண சிமெண்ட் கலவையில் கட்டக்கூடாது, சூடு தாங்குகிற களிமண்ணான பயர் கிளேயில் கட்ட வேண்டும். சிமெண்ட் தொடர்ந்து சூடு பட்டால் தன்னிடமிருக்கிற நீரை விட்டுப் பொடிந்துவிடும். தீச்செங்கல்லுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு மணலோ, சூட்டைத் தடுக்கிற வெர்மிகுலைட் தாதுவோ கொட்டுங்கள், இல்லாவிட்டால் வெளிப்பூச்சு விரிசல் விடும், ஓனர் உங்களைத்தான் கூப்பிடுவார். பிட்சா சுடுகிற அடுப்பு கட்டினால் முதல் நாளே முழுத் தீ போடாதீர்கள், சுள்ளி போட்டுச் சின்னச் சின்னத் தீயாகச் சில நாள் காயவிட்டு அப்புறம்தான் பெரிய தீ. புகைபோக்கி கூரை விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே விறகடுப்பு கேட்டால் பணம் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.


ஈசிஆர் சைட்:

மேஸ்திரி அண்ணே, கிரானைட் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் காஸே வேண்டாம் என்பது எங்கள் பக்கம் நடக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர்கள் விறகு ஊதிக்கொண்டு உட்கார மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது காஸ் கிரில்லும் ஸ்டீல் டிராயரும்தான்.

அந்த ஸ்டீலில்தான் எனக்கு வந்தது. முட்டுக்காடு தாண்டி, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி, ஸ்டீல் வேலை செய்கிற ஃபேப்ரிகேட்டர் மாட்டிவிட்டுப் போனார். ஒரு மழைக்காலம் முடியவில்லை, ஓனர் அம்மா என்னை வரச்சொன்னார். ஒன்றும் பேசவில்லை. வெள்ளைக் கர்ச்சீப்பால் டிராயர் முகப்பை ஒரு இழுப்பு இழுத்து என் முன்னால் விரித்துக் காட்டினார், காப்பிப்பொடி தூவிய மாதிரி துரு. ஃபேப்ரிகேட்டரைக் கூப்பிட்டால், காந்தத்தை வைத்து "பாருங்க சார், ஒட்டல, 304-தான்" என்கிறார். அந்த அம்மா காந்தத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். 202-லும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்வதுதான் 202, பார்த்தால் 304 மாதிரியே பளபளக்கும், விலை குறைவு. ஸ்டீல் கடைகளில் ஒரு டெஸ்டிங் லிக்விட் விற்கிறார்கள், ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் 202 சிவந்துவிடும். அதை அந்த ஆள் முன்னாலேயே வைத்துக் காட்டினேன், சிவந்தது. உண்மையான 304-ஆக இருந்தாலுமே கடலோரத்தில் உப்புக் காற்றுக்குப் புள்ளி விழும், மாலிப்டினம் சேர்ந்த 316-தான் அங்கே தாங்கும். இப்போது முகப்புக்கு மட்டும் 316, உள்தட்டெல்லாம் கடப்பாக்கல். கடப்பாவை மேல்தளத்துக்குப் போடாதீர்கள், அது சுண்ணாம்புக்கல், புளிக்கரைசலோ எலுமிச்சையோ பட்ட இடம் வெளுத்துவிடும்.


மலைத்தோட்டம்:

கொடைக்கானல். சிவில் முடித்துவிட்டுத் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். அண்ணன்மார்கள் தீயையும் ஸ்டீலையும் பேசுகிறீர்கள், சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று யாருமே சொல்லவில்லை.

ஒரு ஹோம்ஸ்டேயில் சிலிண்டர் வெளியே தெரியக்கூடாது என்று இன்டீரியர் செய்தவர் மேடைக்குக் கீழே அலமாரி வைத்து, எலி வராமலிருக்கக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டியும் ஒட்டச் சொல்லியிருந்தார். எலி கதவு வழியாகவா வரும்? டியூப் போகிற ஓட்டை வழியாக வந்து டியூபையே கடித்து வைத்திருந்தது. நான் செடிகளைப் பார்க்கத்தான் அன்று காலையில் போனேன். ஒரு தொட்டியை நகர்த்தக் குனிந்தபோது மூக்கைத் துளைக்கிற வாசனை. நிமிர்ந்தால் ஒன்றும் இல்லை. மறுபடி குனிந்தால் அதே வாசனை. சமையல்கார அக்கா லைட்டரைக் கையில் எடுத்துவிட்டார். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "விடும்மா, ரூம்ல குழந்தை பாலுக்கு அழுவுது" என்று கையை உதறினார். விடவில்லை. அவர் கையில் என் விரல் பதிந்து சிவந்துபோனது, அதை நினைத்தால் இப்போதும் என்னவோ போல இருக்கிறது.

எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் தங்கும். அலமாரி வெளியே இருக்கிறது, அதனால் காற்றோட்டம் இருக்கும் என்று நினைப்பது தப்பு. கீழ்மட்டத்தில் எதிரெதிர்ப் பக்கம் திறப்பு இருந்தே ஆக வேண்டும், எலிக்குப் பயந்தால் அங்கே கம்பி வலை அடியுங்கள். சாதா ரப்பர் டியூபைத் தொடாதீர்கள், உள்ளே கம்பி பின்னிய சுரக்ஷா டியூப் போட்டு, மேல் அச்சிட்ட தேதி முடிந்ததும் மாற்றுங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஹோம்ஸ்டே, ரிசார்ட் என்றால் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோவை வைக்கவே கூடாது, 19 கிலோ கமர்ஷியல்தான்.


மெல்பர்ன் தமிழன்:

இங்கே லேண்ட்ஸ்கேப்பிங்கில் இருக்கிறேன், வேலையில் பாதி அவுட்டோர் கிச்சன்தான். தங்கச்சி சொன்ன காஸ் வேலையை இங்கே நாங்கள் தொடவே முடியாது. உரிமம் பெற்ற காஸ்ஃபிட்டர் வந்து செய்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் அடித்தளம், கல், கூரை மட்டும்.

எனக்கு உறுத்துவது கல்தான். ஒரு வாடிக்கையாளர், நம்ம ஊர்க்காரர்தான், கராஜில் பழைய குவார்ட்ஸ் பலகை ஒன்றை வைத்திருந்தார், கல்தூளையும் ரெசினையும் சேர்த்துச் செய்கிற செயற்கைக் கல். "ஒரே ஒரு சிங்க் ஓட்டைதானே தம்பி, கட்டரை எடுங்க" என்றார். 2024 ஜூலை 1 முதல் இந்த நாட்டில் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை விற்கவோ, அறுக்கவோ, பொருத்தவோ தடை. அதை அறுக்கும்போது வருகிற சிலிக்கா தூசியில் எத்தனையோ இளம் வயதுத் தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ் வந்து நுரையீரல் போய்விட்டது, அதனால் வந்த தடை. முடியாது அண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அந்தத் தெருவில் போகும்போது பார்த்தேன், சிங்க் பொருத்தியாகிவிட்டது. யாரோ ஒரு பையன் அறுத்திருக்கிறான். முகமூடியாவது போட்டிருந்தானா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்தபோது ஒரு கல் பட்டறையில் கிரானைட்டைத் தண்ணீர் விடாமல் அறுப்பதைப் பார்த்தேன், வேலையாள் புருவமெல்லாம் வெள்ளை. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், துண்டைக் கட்டிக்கொள்வதெல்லாம் போதாது, நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். தவிர, குவார்ட்ஸ் வெயிலுக்கு ஆகவே ஆகாது, அதிலிருக்கிற ரெசின் மஞ்சளடித்துவிடும். வெளியே இயற்கைக் கல்தான்.


பொள்ளாச்சிக்காரன்:

மேஸ்திரி, விறகு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்து ஊத முடியாது. சுவர் வைக்கப் போனபோது கேட்டேன், நின்றுகொண்டு சமைக்கிற மாதிரி, தன் இடுப்பு உயரத்துக்கு மேடை வேண்டும் என்றார். வரைபடத்தில் இருந்த மேடை அவருக்கு நெஞ்சு வரை வந்தது. ஒரு பக்கம் மட்டும் இறக்கிக் கொடுத்திருக்கிறோம்.


திருச்சி பில்டர்:

எல்லாம் சரி, கழிவுத் தண்ணீரை யாருமே பேசவில்லையே.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. தோட்டம் போட்டவர்தான் கிச்சனும் போட்டிருக்கிறார், சிங்க் குழாயைப் பக்கத்தில் ஓடிய மழைநீர்க் குழாயிலேயே சேர்த்துவிட்டார். அது போய் விழுவது மழைநீர் சேகரிப்புக் குழியில். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் போய்க் குழி அடைத்துக்கொண்டது. ஐப்பசி மழையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் நிற்கும்போதே சிங்க்கில் குபுகுபுவென்று கறுப்புத் தண்ணீர் எதிர்த்து ஏறி வழிந்து, நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தை எல்லாம் அடித்துக்கொண்டு தரைக்கு வந்தது. வீட்டுக்கார ஐயா அதைப் பார்க்கவே இல்லை, கிணற்றைத்தான் எட்டி எட்டிப் பார்த்தார். அந்தக் குழியிலிருந்து கிணறு பத்தடிகூட இருக்காது. குடிக்கிற தண்ணீர்.

சிங்க்குக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைக்க ஒரு கிரீஸ் டிராப், வெளியே நாற்றம் திரும்பி வராமல் தடுக்க ஒரு கல்லி டிராப், அங்கிருந்து கழிவுநீர்க் குழாய்க்குத் தனி வழி. மழைநீர் வழியோடு எந்த இடத்திலும் சேரக்கூடாது. மேடைக்கு மேல் கூரை இல்லாவிட்டால் மழை முழுக்க சிங்க் வழியாகத்தான் போகும், அதனால் சிங்க்குக்கு ஒரு மூடி செய்து கொடுங்கள். தரைச் சரிவு வீட்டைப் பார்த்து இருக்கக்கூடாது. மிக்ஸி, ஃப்ரிட்ஜ் பாயிண்ட் கொடுத்தால் மூடி வைத்த சாக்கெட்டாக, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக மட்டும் கொடுங்கள், ஈரக் கையோடுதான் தொடுவார்கள். கொட்டேஷனில் காஸ் யார் பொறுப்பு, கரண்ட் யார் பொறுப்பு, கழிவுநீர் யார் பொறுப்பு என்று தனித்தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு மண்வெட்டியை எடுங்கள். "மொத்தமாக முடித்துத் தருகிறோம்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்ததால்தான் அந்தத் தோட்டக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இப்போது பேச்சே இல்லை.

கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டாயிற்று, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரை கேன் தண்ணீர்தான். வரும் திங்கட்கிழமை குழியைத் தோண்டுகிறோம், அந்தத் தோட்டக்காரரும் தன் ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.