கேள்வி-பதில் தளத்தில் விதிமுறைப் பக்கம் புதியவர்களின் கண்ணில் படவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். மாடித்தோட்டம் பற்றிய தமிழ்க் கேள்வி-பதில் தளம் ஒன்றைக் கொஸ்டின்2ஆன்சர் மென்பொருளில் நடத்தி வருகிறோம். செடியின் வயது, மண் கலவை, நீர் ஊற்றும் முறை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும், விளம்பரம் கூடாது என்பன போன்ற விதிமுறைகளைத் தனிப் பக்கமாக எழுதி, அதன் இணைப்பைத் தளத்தின் அடிப்பகுதியில் வைத்திருக்கிறோம். ஆயினும் புதியவர்கள் "கத்தரிச் செடி வாடுகிறது, என்ன செய்வது?" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்; அக்கேள்வி, யாரும் பதிலளிக்க முடியாதபடி மூடப்பட்டதும் மனம் வருந்திப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை, ஏனெனில் கைப்பேசியில் அந்த இணைப்பை அடைய முழுப் பக்கத்தையும் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. இணைப்பை மேல் பட்டிக்கு மாற்றினால் போதுமா?

மறுமொழி 1

மாற்றுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. வாடும் செடியோடு வருபவர் பட்டியைப் பார்ப்பதில்லை. எழுதும் கட்டத்தைத்தான் தேடுகிறார். கேள்விப் படிவத்தின் மேலேயே நிர்வாகியின் குறிப்பைக் காட்டும் வசதி இம்மென்பொருளில் இருக்கிறது. பதில் படிவத்துக்கும் தனியே உண்டு. அங்கே விதிமுறை முழுவதையும் கொட்டாமல், கேட்பவர் அந்த நேரத்தில் எழுத வேண்டிய விவரங்களை மட்டும் இரண்டு வரிகளில் சொல்லி, முழுப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

மறுமொழி 2

மேலுள்ள யோசனை சரியானதே. ஆனால் அக்குறிப்பு எல்லோருக்கும் எப்போதும் தெரிவதால், நாளடைவில் பழகியவர்கள் அதைக் கவனிக்கமாட்டார்கள். பின்னர் விதியை மாற்றினாலும் அவர்களுக்குத் தெரியாது. டிஸ்கோர்ஸ் என்னும் கலந்துரையாடல் மன்ற மென்பொருளில் இத்தகைய அறிவுரை, இயல்பமைப்பின்படி, ஒருவரின் முதல் 2 பதிவுகளுக்கு மட்டுமே தோன்றும். உங்கள் தளத்தில், பயனரின் புள்ளிகளைப் பார்த்துக் குறிப்பை மறைக்கும் சிறு பிளக்இன் (கூடுதல் வசதிக்கான இணைப்பு நிரல்) எழுதினால் அதே பயன் கிடைக்கும்.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அறிமுகப் பக்கத்தை முழுதும் படித்தவருக்கு வெண்கலப் பதக்கம் தருகிறார்கள். பதக்கத்துக்காகப் படிப்பவர் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர் என்பதால், அதைப் பின்பற்றுமாறு நான் சொல்லமாட்டேன். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூடல் அறிவிப்பை: மூடிய காரணமும், உதவிப் பக்கத்துக்கான இணைப்பும், திருத்தி மீண்டும் திறக்கச் செய்யும் வழியும் அந்தக் கேள்வியோடு சேர்ந்தே தெரியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. படிவக் குறிப்பை இன்றே சேர்த்துவிட்டோம். மூடும்போது இணைப்புத் தர விரும்புகிறோம், ஆனால் எங்கள் விதிமுறைகள் அனைத்தும் ஒரே நீண்ட பக்கத்தில் உள்ளன. அவற்றைப் பல பக்கங்களாகப் பிரிக்க வேண்டுமா?

மறுமொழி 2

வேண்டியதில்லை. ஒவ்வொரு விதிக்கும் தலைப்பிட்டு, அத்தலைப்புக்கு எச்டிஎம்எல் ஐடி (பக்கத்தின் குறிமொழியில் அந்த இடத்துக்கு இடும் தனிப் பெயர்) ஒன்றைக் கொடுங்கள். பக்க முகவரியின் இறுதியில் # குறியோடு அந்த ஐடியைச் சேர்த்தால், இணைப்பு நேரே அந்த விதிக்கே கொண்டுபோகும். ஐடிகளைப் பின்னாளில் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய இணைப்புகள் எல்லாம் பக்கத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். மூடுபவர் அந்த இணைப்பைக் கருத்தாக இட்டு, எந்த விவரத்தைச் சேர்த்தால் கேள்வி மீண்டும் திறக்கப்படும் என்பதையும் தம் சொற்களில் எழுதட்டும்.