நம் லேபிளைப் போலவே இன்னொரு லேபிள் சந்தைக்கு வந்தால் என்ன செய்வது?

ஈரோட்டுப் பொடி வியாபாரி (கேள்வி):
வணக்கம். 2013ஆம் ஆண்டிலிருந்து சாம்பார்ப் பொடியும் இட்லிப் பொடியும் அரைத்து, மஞ்சள் பாக்கெட்டில் சிவப்பு எழுத்தோடு மளிகைக் கடைகளுக்கு நேரடியாகக் கொடுத்து வருகிறோம். மூன்று மாதங்களாக அதே மஞ்சள், அதே சிவப்பு, எங்கள் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய வேறொரு பொடி கோபி, பவானிக் கடைகளில் தொங்குகிறது. பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதால், எங்கள் பொடியைக் கேட்பவர்களிடமும் கடைக்காரர்கள் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள். பொடியில் மண் இருந்ததாக ஒரு வாடிக்கையாளர் எங்களைத் தொலைபேசியில் திட்டிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. எங்கள் பெயரை இதுவரை பதிவு செய்யவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? பதிவு இல்லாதவருக்கு வழக்குப் போட இடமுண்டா?

வணிகக் குறி (டிரேட்மார்க்) வழக்கறிஞர்:
நுகர்வோர் ஆணையம் பொருளை வாங்கி ஏமாந்தவருக்கானது. போட்டி வியாபாரி என்ற முறையில் தாங்கள் அங்கே முறையிட இயலாது. ஆனால் பதிவு இல்லாததால் வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். தன் சரக்கைப் பிறருடைய சரக்காகக் காட்டி விற்பதை நாங்கள் ‘பாஸிங் ஆஃப்’ என்போம். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதை எதிர்த்து வழக்குப் போடும் உரிமையைப் பதிவில்லாதவருக்கும் விட்டுவைத்திருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரு தரப்பாரிடமும் பதிவுச் சான்று இருந்தும், முதலில் பெயரைப் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

ஆகவே தங்கள் வழக்கு முழுவதும் பழைய காகிதங்களில்தான் நிற்கும்: முதல் லேபிள் அச்சடித்த அச்சகத்தின் பில், தேதியுள்ள விற்பனை பில்கள், விளம்பரச் செலவுக் கணக்கு. எதிராளியின் பொடியைக் கோபியில் ஒரு கடையில் வாங்கி, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். திட்டிய வாடிக்கையாளர் நடந்ததை எழுதிக் கொடுத்தால், அது குழப்பத்துக்கு நேரடிச் சாட்சி. இத்தகைய சாட்சி எளிதில் கிடைப்பதில்லை. பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையாணை கோரலாம். வணிக வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும் என்ற விதி உண்டு என்றாலும், அவசரத் தடை கோருபவருக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. தாமதித்தால் அந்த ‘அவசரம்’ என்ற சொல்லே நீதிபதியின் காதில் ஏறாது.

பதிவுக்கும் இன்றே விண்ணப்பியுங்கள். பதிவு பெற்றவர், தாம் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பாஸிங் ஆஃப் வழக்குக்கு அந்தச் சலுகை இல்லை. கோபியும் பவானியும் உங்கள் மாவட்டம் என்பதால் இப்போது தப்பித்தீர்கள்; நாளை அந்தப் பாக்கெட் பெங்களூரில் மட்டும் விற்றால் அலைய நேரிடும்.

எண்ணெய்ச் செக்கு நடத்துபவர்:
நாங்களும் இதைப் பட்டிருக்கிறோம். உணவுப் பொருள் என்பதால் இன்னொரு கதவும் உண்டு. வேறொரு பொருளென்று ஏமாறும்படி ஒத்திருப்பதும், இல்லாத கம்பெனியைத் தயாரிப்பாளர் என்று அச்சிடுவதும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான லேபிளாகக் கருதப்படும். அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். அந்தப் பாக்கெட்டில் முகவரியும் 14 இலக்க உரிம எண்ணும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். கடைக்காரர்களிடம் சண்டை போடாதீர்கள். நாளைக்கும் அவர்களிடம்தான் சரக்கு போட வேண்டும்.

பதிவு முகவர்:
வணிகக் குறிப் பதிவில் சரக்குகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலாப் பொடிக்கு 30ஆம் வகுப்பு. சிறு தொழில் என்ற சான்று இருந்தால் இணைய வழிக் கட்டணம் 4,500 ரூபாய், இல்லாத நிறுவனத்துக்கு 9,000. 2013 முதல் பயன்பாடு என்று குறிப்பிட்டால் ஆவணங்களோடு உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். எதிராளியும் விண்ணப்பித்திருக்கிறாரா என்று பதிவகத் தளத்தில் தேடிப் பாருங்கள். அவருடைய குறி பதிவகத்தின் வணிகக் குறி இதழில் வெளியானால் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதங்களே உண்டு. பதிவு கிடைக்கும் முன், பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்டுவிடாதீர்கள், அதுவே சட்ட மீறல்.

ஈரோட்டுப் பொடி வியாபாரி:
அனைவருக்கும் நன்றி. அச்சகத்தின் 2013ஆம் ஆண்டு பில் அப்பாவின் இரும்புப் பெட்டியில் கிடைத்தது. அந்தப் பாக்கெட்டின் உரிம எண்ணையும் இருமுறை எண்ணினேன்; பதின்மூன்று இலக்கங்கள்தான் இருக்கின்றன. நாளைக் காலையில் நியமன அலுவலரைப் பார்க்கிறேன்.