மறு: கன்ட்ரோல் சார்ட்டுக்குக் ‘கட்டுப்பாட்டு வரைபடம்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

கன்ட்ரோல் சார்ட் என்பது, வேலையில் அவ்வப்போது எடுக்கும் அளவுகளை வரிசையாகப் புள்ளிகளாகக் குறித்து, மேலும் கீழும் கோடு இட்ட படம். நம் கலைச்சொல் அகராதியில் அதற்கு வேறு பெயர் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, பாடநூலில் ஏற்கெனவே புழங்கும் ‘கட்டுப்பாட்டு வரைபடம்’ என்ற சொல்லை ஏன் கிளற வேண்டும் என்று குழுவின் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். சிதறல் விளக்கப்படத்தையோ (ஸ்கேட்டர் டயகிராம்) நிகழ்வுச் செவ்வகத்தையோ (ஹிஸ்டோகிராம்) நானும் தொடமாட்டேன். ஆனால் ‘கட்டுப்பாட்டு வரைபடம்’ படிப்பவரைத் தவறான பக்கம் அழைத்துப் போகிறது. கூடவே அந்தப் படத்தின் கோடுகளுக்குக் ‘கட்டுப்பாட்டு எல்லை’யும் (கன்ட்ரோல் லிமிட்) வந்து சேர்ந்தால் பட்டறையில் குழப்பம் உறுதி.

அந்தப் படம் எதையும் கட்டுப்படுத்துவதில்லை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூவார்ட், 1924 மே 16 அன்று தம் மேலாளருக்கு அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில் அதை முதன்முதலில் வரைந்து காட்டினார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: அளவுகளில் தெரியும் இந்த ஏற்ற இறக்கம் வேலையின் இயல்பிலேயே உள்ளதா, புதிதாக ஏதாவது நுழைந்திருக்கிறதா? இயல்பானது என்றால் எந்திரத்தைத் தொடாதே. தொட்டால் ஏற்ற இறக்கம் கூடும். புதிதாக ஒன்று நுழைந்திருந்தால் அதைத் தேடு. ஆக, படம் செய்வது சீர் பார்க்கும் வேலை. கட்டுப்படுத்துவது மனிதரின் வேலை.

லேத்தில் கடையும் பம்பு ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் தந்த வடிவமைப்புத் தாளில் கேட்கப்பட்ட விட்டம் 25.00 மி.மீ., கூடவோ குறையவோ 0.05 வரை போகலாம். அதாவது 24.95 முதல் 25.05 வரை ஏற்றுக்கொள்வார்கள். மணிக்கு ஒரு முறை ஐந்து ஷாஃப்ட்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். பல நாள் அளவுகளின்படி மொத்தச் சராசரி 25.01, வீச்சின் (ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்) சராசரி 0.02. ஐந்து ஐந்தாக எடுக்கும்போது அட்டவணை தரும் பெருக்கெண் 0.577. அதை 0.02 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.012. அதை மொத்தச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் பார்த்தால், ஐந்தின் சராசரியை ஒரு புள்ளியாக வைக்கும் சராசரிப் படத்தின் கோடுகள் 24.998, 25.022 ஆகிய இடங்களில் விழும்.

காலையில் புள்ளிகள் 25.011, 25.006, 25.014 என்று ஒழுங்காக வருகின்றன. பதினொரு மணிக்கு 25.027. புள்ளி கோட்டுக்கு வெளியே போய்விட்டது! ஆனால் அந்த ஐந்தில் பெரியது 25.035தான், ஒன்றுகூடத் தள்ளுபடி இல்லை. லேத்காரர் “பீஸ் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது” என்பார். அவர் சொல்வது சரி. படம் சொல்வதும் சரி: கத்தியின் முனை தேய்ந்து பின்வாங்கியிருக்கும், அதனால் விட்டம் கூடுகிறது. இப்போதே மாற்றினால் மாலையில் ரிஜெக்ஷன் வராது.

இங்கே இரண்டு வகைக் கோடுகள் இருக்கின்றன. ஒன்று வாங்குபவர் விதித்தது. மற்றது எந்திரம் தன் நடத்தையால் தானே போட்டுக்கொண்டது. முன்னதற்கும் பின்னதற்கும் உறவே இல்லை. இரண்டையும் ‘எல்லை’ என்றே சொன்னால் லேத்காரருக்கும் தர ஆய்வாளருக்கும் சண்டைதான் மிச்சம். சராசரிப் படத்தின் மேல் 25.05ஐயும் ஒரு கோடாக இழுத்து வைக்கும் பழக்கம் இந்தக் குழப்பத்தின் பிள்ளை. தனி ஷாஃப்ட்டின் அளவுக்கான கோட்டை ஐந்தின் சராசரியோடு ஒப்பிடவே கூடாது.

புள்ளி கோட்டைத் தாண்டுவதைச் சொல்லும் ‘அவுட் ஆஃப் கன்ட்ரோல்’ என்பதன் கதி இன்னும் மோசம். ‘செயல்முறை கட்டுப்பாட்டை இழந்தது’ என்று எழுதினால் நாளிதழ் படிக்கும் எவருக்கும் பைபாஸ் ரோட்டில் தடுப்பை இடித்த லாரிதான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு இது. படத்துக்குச் ‘சீர்நிலைப் படம்’. கோடுகளுக்கு ‘மேல் சீரெல்லை’, ‘கீழ்ச் சீரெல்லை’, ‘நடுக்கோடு’. வாங்குபவர் விதிக்கும் அளவுக்கு ‘ஏற்பு வரம்பு’. புள்ளி வெளியே போனால் ‘சீர்நிலை தவறியது’. ‘எல்லை’ எந்திரத்துக்கு, ‘வரம்பு’ வாடிக்கையாளருக்கு என்று பிரித்து வைத்துவிட்டால் போதும். ‘தரக்கட்டுப்பாடு’ அப்படியே இருக்கட்டும். அங்கே கட்டுப்படுத்துவது உண்மையிலேயே நடக்கிறது. சீர் என்றால் யாப்பும் கல்யாணச் சீரும் நினைவுக்கு வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, ‘சீராக ஓடுகிறது’ என்று மோட்டாரைப் பற்றியும் நாம்தானே சொல்கிறோம்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. குறைகளை எண்ணிக்கை வாரியாகப் பெரியதிலிருந்து சிறியதுவரை அடுக்கிக் காட்டும் பரேட்டோ படத்தைப் பெயர் மாற்ற வேண்டாம். ஆளின் பெயர் ஆளின் பெயராகவே இருக்கலாம். இஷிகாவாவின் காரண விளைவுப் படத்துக்கு ‘மீன் எலும்பு வரைபடம்’ என்று சில கையேடுகளில் பார்க்கிறேன். தமிழில் மீனுக்கு ஏது எலும்பு? முள்தான். ‘மீன்முள் படம்’ என்றால் ஒரு தடவை கேட்டவரும் மறக்கமாட்டார். நிகழ்வுச் செவ்வகத்தை இலங்கைப் பாடநூல்கள் ‘வலையுருவரையம்’ என்கின்றன என்று யாழ்ப்பாணத்து அம்மையார் சுட்டியிருந்தார். ஃபிரீக்வென்சிக்கு அங்கே மீடிறன், இங்கே நிகழ்வெண். ஸ்டாண்டர்டு டீவியேஷனுக்கு அங்கே நியம விலகல், இங்கே திட்டவிலக்கம். இரண்டையும் அகராதியில் அருகருகே போடுவோம், ஒன்றாக்க முயல்வது நம் வேலையல்ல.

எனக்குத் தெளிவு கிடைக்காத இடம் ஒன்று உண்டு. எண்ணிக்கையை வைத்து வரையும் படங்களில் சி படமும் பி படமும் வேறு வேறு. சி படம் குறைகளை எண்ணுகிறது, பி படம் குறையுள்ள உருப்படிகளின் விகிதத்தைக் காட்டுகிறது. ஒரு வார்ப்பில் மூன்று காற்றுத்துளை இருந்தால் சி படத்தில் மூன்று. பி படத்துக்கோ அது கழிக்க வேண்டிய ஒரே ஒரு வார்ப்பு. பாடநூல் சொற்களில் ‘குறைபாடு’, ‘குறைபாடுள்ளது’ என்று வருகின்றன. வேகமாகப் படிக்கும்போது இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. முன்னதற்குக் ‘குறை’ என்றும் பின்னதற்குக் ‘கழிவு’ என்றும் வைக்கலாமா? கழிவு என்றால் பிசிறும் உலோகச் சுருளும் என்று பட்டறையில் எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. வார்ப்பாலையில் வேலை செய்யும் அன்பர்கள், தள்ளிவைத்த உருப்படியைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.