பிள்ளைகள் மாலைக் கூட்டத்தில் பெற்றோரை உட்கார வைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் ஏதாவது நடத்துகிறேன். ஓவியம், காகித மடிப்பு எல்லாம் ஆயிற்று. 6 வயதுக்காரனும் 13 வயதுக்காரியும் ஒரே அறையில். அவளுக்கு அலுப்பு, இவனுக்கு அழுகை. பெற்றோர் வாசலில் இறக்கிவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். குடும்பமாகச் சேர்ந்து செய்ய என்ன இருக்கிறது?

பதில் 1: வானம் பார்க்க வையுங்கள். பௌர்ணமி வேண்டாம், நிலவு தட்டையாகத் தெரியும். வளர்பிறையில் அரை நிலா நாளைப் பிடியுங்கள். வெளிச்சமும் இருளும் சேரும் ஓரத்தில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும், சாதாரண பைனாகுலருக்கே சிக்கும். வியாழன் தெரிந்தால் இன்னும் விசேஷம். 1610-இல் கலிலியோ கண்ட 4 நிலவுகள் பொட்டுப் பொட்டாக ஒரே வரிசையில் நிற்கும் (ஒன்றிரண்டு சமயத்தில் ஒளிந்துகொள்ளும்). மறுநாள் இடம் மாறியிருக்கும், வரைந்து வைக்கச் சொல்லுங்கள். கை ஆடும், பைனாகுலரைச் சுவரில் முட்டுக்கொடுக்கணும். இருட்டில் பிள்ளையை விட்டுவிட்டு எந்தப் பெற்றோரும் போகமாட்டார் :)

கேட்டவர்: மேகம் மூடிவிட்டால்?

பதில் 2: பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குக் கதை வாசிக்கட்டும். அந்த 13 வயதுக்காரியிடமே பொறுப்பைக் கொடுங்கள், அலுப்பெல்லாம் போய்விடும். பெற்றோருக்கு வெறும் அழைப்பு அனுப்பாதீர்கள், ஆளுக்கொரு வேலை கொடுங்கள். கணக்கெழுதும் அப்பாவும் தைக்கும் அம்மாவும் தங்கள் தொழிலை அரை மணி நேரம் காட்டினால் போதும்.