கயாக் ரோல்: பாதியில் மறுபடி கவிழ்கிறேன்

கேள்வி:
கடல் கயாக்கில் ரோல், அதாவது கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே துடுப்பால் நிமிர்த்துவது, பழகி மூன்று வாரம் ஆகிறது. துடுப்பை வீசினால் படகு பாதி நிமிர்கிறது, அப்புறம் மறுபடி கவிழ்கிறது. மூச்சுக்கு ஏங்கித் தலையை முதலில் தூக்கிவிடுகிறேன். எப்படி மாற்றுவது?

பதில் 1:
எனக்கும் இதேதான் நடந்தது. படகை நிமிர்த்துவது கை அல்ல, இடுப்பு. துடுப்பு வீசும் பக்கத்து முழங்காலை மேலே உந்துங்கள். தலை கடைசியில் வரட்டும். துடுப்பின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை தானாகத் தாழ்ந்திருக்கும். முதலில் நீச்சல்குள விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மட்டும் சொடுக்கிப் பழகுங்கள். நான் நான்கு நாள் அதை மட்டுமே செய்தேன்.

பதில் 2:
மூக்குக் கிளிப் போடுங்கள், பதற்றம் பாதி குறையும். ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (உட்காரும் துளையில் தண்ணீர் புகாமல் மூடும் உறை) இழுப்புவார், அதாவது வெளியேற அதைக் கழற்ற இழுக்கும் பட்டை, வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, நாளைக்கே குளத்து விளிம்பில் தொடங்குகிறேன்.